கியர் லிவரில் ஆட்டமா? பிஎம்டபிள்யூ இ36, இசட்3 கார்களின் ஷிஃப்ட் லிங்கேஜை வீட்டிலேயே சரிசெய்து மேம்படுத்துவது எப்படி

பழைய பிஎம்டபிள்யூ இ36 எம்3-யிலோ இசட்3-யிலோ உட்கார்ந்து, மூன்றாவது கியரில் போட்டுவிட்டு லிவரை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கியர் விழுந்த பிறகும் லிவர் இரண்டு விரல் அகலத்துக்கு ஆடினால் "கியர் பாக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பெரும்பாலும் கியர் பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். போயிருப்பது லிவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் சில பிளாஸ்டிக் வாஷர்கள், ஒரு நைலான் கிண்ணம், இரண்டு மூன்று ரப்பர் புஷ்கள் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்). இந்த நடு அமைப்புக்குத்தான் ஷிஃப்ட் லிங்கேஜ் என்று பெயர்.

எல்லா ஸ்போர்ட்ஸ் காரிலும் இது ஒரே மாதிரி இருக்காது. மஸ்டா எம்எக்ஸ்-5-இல் லிவர் நேராகக் கியர் பாக்ஸின் மேலேயே இறங்குகிறது. நடுவில் ராட் எதுவும் இல்லை. என்ஜின் காரின் நடுவில் இருக்கும் டொயோட்டா எம்ஆர்2, போர்ஷே பாக்ஸ்டர் போன்றவற்றில் இரண்டு கேபிள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இ36-லும் இசட்3-யிலும் கியர் பாக்ஸின் வால் முனை லிவருக்குச் சற்று முன்னாலேயே முடிந்துவிடுவதால், ஒரு சிறிய ராட் இரண்டையும் இணைக்கிறது. இனி சொல்வதெல்லாம் இந்தக் கார்களின் 5 கியர் மாடல்களை வைத்துத்தான். ஐரோப்பாவில் விற்ற 6 கியர் எம்3-க்கு உதிரி பாகங்கள் வேறு.

லிங்கேஜ் செய்யும் வேலை இரண்டு. லிவரை முன்னும் பின்னும் தள்ளினால் ராட் நீளவாக்கில் நகர்ந்து கியரைப் போடுகிறது. இடவலமாகத் தள்ளினால் அதே ராட் கொஞ்சம் சுழன்று எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்கிறது: 1-2 வரிசையா, 3-4 வரிசையா, 5-ஆ, இடது ஓரத்து ரிவர்ஸா என்று. கியர் பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செலக்டர் ஷாஃப்டுக்கு இந்த இரண்டு அசைவும் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர வேண்டும்.

லிவர் தொங்குவது கேரியர் எனப்படும் ஒரு நீண்ட கையில். கேரியரின் முன் முனை கியர் பாக்ஸோடு ஒரு பின் (சிறு உலோக ஆணி) போட்டு மாட்டப்பட்டிருக்கும். பின் முனை ஒரு ரப்பர் புஷ் வழியாகக் காரின் பாடியில் உட்காரும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது என்ஜினும் கியர் பாக்ஸும் தங்கள் மவுண்டுகளில் அசையும். லிவரும் அவற்றோடு சேர்ந்து அசைந்தால்தான் கியர் பிடித்திருக்கும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அந்தப் பின் ரப்பர் புஷ் பிய்ந்துபோனால் லிவரின் மொத்த அடித்தளமே அலையும். நன்றாக ஆடும் லிவர்களில் பாதிக் குற்றம் இந்த ஒரு புஷ்ஷின் மேல்தான் இருக்கும்.

ஒரு மில்லிமீட்டர் எப்படி ஐந்தாகிறது

லிவரின் நடுவே ஒரு உருண்டை. அது கேரியரில் உள்ள நைலான் கிண்ணத்துக்குள் திரும்புகிறது. உருண்டைக்கு மேலே நீளமான பகுதி, கீழே குட்டைப் பகுதி. கடப்பாரையால் கல்லைப் புரட்டும் அதே கணக்குதான். எளிமைக்காக மேல் பகுதி 200 மி.மீ., கீழ்ப் பகுதி 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5. கீழே ராட் 10 மி.மீ. நகர, மேலே கை பிடிக்கும் குமிழ் 50 மி.மீ. நகர வேண்டும். அதே கணக்கில், கீழே வாஷர் தேய்ந்து 1 மி.மீ. இடைவெளி விழுந்தால் உங்கள் கையில் அது 5 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். ராடின் இரண்டு முனையிலும் மூட்டு இருக்கிறது, செலக்டர் ஷாஃப்டில் ஒரு மூட்டு, கேரியரில் முன்னும் பின்னும் புஷ்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, எல்லாம் கூடித்தான் குமிழுக்கு வந்து சேர்கிறது.

"ஷார்ட் ஷிஃப்டர்" என்று விற்பது இந்த விகிதத்தை மாற்றும் லிவர். கீழ்ப் பகுதியை 50 மி.மீ. ஆக்கினால் விகிதம் 4, குமிழின் பயணம் 20% குறையும். மேல் பகுதியையும் 170 மி.மீ.-ஆகக் குறைத்தால் விகிதம் 3.4, பயணம் 32% குறையும். ஆனால் பயணம் குறைந்த அளவுக்கு விசை கூடும். முதல் வகையில் கைக்கு 25% அதிக பலம் வேண்டும், இரண்டாவதில் ஏறக்குறைய 47%. சிங்க்ரோ வளையங்கள் கியரின் வேகத்தைச் சமப்படுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் இதனால் ஒரு துளியும் குறையாது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் கியர் பாக்ஸ் வேகமாக மாறும் என்பது விளம்பரப் பேச்சு. கை கொஞ்சம் குறைவாக நகரும், அவ்வளவுதான்.

புதிதாக இறங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். தேய்ந்த லிங்கேஜில் குட்டை லிவரை மட்டும் மாட்டினால் ஆட்டம் குறைந்தது போலத் தோன்றும். விகிதம் 5-இலிருந்து 4 ஆனதால் 10 மி.மீ. ஆட்டம் 8 ஆகியிருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு கியர் வரிசைகளுக்கு நடுவே உள்ள தூரமும் அதே விகிதத்தில் சுருங்கியிருக்கும். 40 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொண்டால் 32 ஆகியிருக்கும். வரிசைத் தூரத்தில் நாலில் ஒரு பங்கு ஆட்டம் என்பது அப்படியே இருக்கிறது. தவறான கியர் விழும் வாய்ப்பு குறையவே இல்லை.

அந்தத் தவறின் விலை என்ன? இ36 எம்3-யின் ஐந்து வேக ஸெட்எஃப் கியர் பாக்ஸில் இரண்டாவது கியர் விகிதம் 2.49, மூன்றாவது 1.66, நான்காவது 1.24. மூன்றாவதில் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் இழுத்துக்கொண்டிருக்கும்போது நான்காவது போட்டால் என்ஜின் சுமார் 4,850 சுற்றுக்கு இறங்கும். அலையும் லிவர் நான்காவதுக்குப் பதிலாக இரண்டாவதில் விழுந்து, கிளட்சையும் விட்டுவிட்டால், சக்கரங்கள் என்ஜினை 9,750 சுற்றுக்கு இழுத்துச் செல்லும். ரெவ் லிமிட்டர் இதைத் தடுக்காது. அது பெட்ரோலை நிறுத்துமே தவிர, சக்கரம் சுழற்றுவதை நிறுத்தாது. வால்வு பிஸ்டனில் இடித்து என்ஜினே போகும்.

ஆகவே முதல் மேம்பாடு புதிய புஷ்களும் வாஷர்களும்தான். லிவரை அதன் பிறகு பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே இடத்தைத்தான் கழற்ற வேண்டும் என்பதால், காசு இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம்.

கழற்றுவதற்கு முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

என்ஜினை அணைத்து, கியரில் போட்டு லிவரை ஆட்டுங்கள். அப்போது தெரியும் ஆட்டம் லிங்கேஜுடையது. ஓடும்போது இரண்டாவது கியரில் மட்டும் கரகரவென்று உரசினால் அது சிங்க்ரோ தேய்மானம். நின்ற நிலையில் ரிவர்ஸ் போடும்போது உரசினால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. நியூட்ரலில் லிவரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் அது தானாக 3-4 வரிசைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் முதல் சில நிமிடம் மட்டும் இரண்டாவது கியர் இறுக்கமாக இருந்தால் ஆயிலைப் பாருங்கள். இந்தக் கியர் பாக்ஸ்கள் மெல்லிய ஆயிலுக்காகச் செய்யப்பட்டவை. என்ன ஆயில் என்று பெட்டியின் பக்கத்தில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். கையில் கிடைத்த கனமான கியர் ஆயிலை யாரோ ஊற்றிவைத்திருந்தால் எந்த லிங்கேஜும் அதைச் சரிசெய்யாது.

ஒரு டேப்பை எடுத்து, மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குக் குமிழ் எவ்வளவு தூரம் நகர்கிறது, கியரில் இருக்கும்போது இடவலமாக எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் "நல்லா இருக்கு மாதிரி இருக்கு" என்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்காது.

வாங்க வேண்டியவை

ராடின் முனைகளுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் வாஷர்கள் 4, கிளிப்கள் 2. லிவர் உருண்டைக்கான நைலான் கிண்ணம் 1, அதைப் பூட்டும் பிளாஸ்டிக் வளையம் 1. கேரியரின் பின் ரப்பர் புஷ் 1, முன் புஷ் செட். செலக்டர் ஷாஃப்ட் மூட்டுக்குள் ஆட்டத்தை அடக்கும் சிறு வளையம், மூட்டே தேய்ந்திருந்தால் புது மூட்டு. லிவரைச் சுற்றி மூடும் உள் ரப்பர் பூட் (உறை) கிழிந்திருந்தால் அதுவும். செலக்டர் ஷாஃப்டின் ஆயில் சீலை (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மறக்காமல் வாங்குங்கள். விலை சொற்பம், மூட்டைக் கழற்றினால் கண்ணுக்கு நேரே இருக்கும், மறுபடி இவ்வளவு தூரம் கழற்றி வர யாருக்கும் மனசு வராது.

லிவரைப் பொறுத்தவரை கம்பெனி உதிரியாகவே ஒரு நல்ல வழி இருக்கிறது. நான்கு சிலிண்டர் இசட்3 1.9-இன் லிவர் சாதாரண இ36 லிவரைவிடக் குட்டைப் பயணம் கொண்டது, ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறையும். இ36 வைத்திருப்பவர்களில் பலர் முதலில் போடுவது இதைத்தான். விலை அதிகமான ஷார்ட் ஷிஃப்டர்கள் இதைவிடக் குறைக்கும். ஆனால் அவற்றில் சிலவற்றின் கீழ்ப் பகுதி மிக நீளம். ராட் கீழே இறங்கி, கியர் பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் ரப்பர் டிஸ்க் கப்ளிங்கில் உரசும். அத்தகைய லிவரோடு வளைத்துச் செய்த ராடும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வேலை

சமதளத்தில் காரை நிறுத்தி நான்கு மூலையிலும் ஜாக் ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல், மரக்கட்டை, வெறும் ஜாக்கி எதுவும் ஆகாது. அடியில் போவதற்கு முன் காரைப் பக்கவாட்டில் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. சைலன்சர் குழாய் முழுசாக ஆறியிருக்க வேண்டும். முந்தின நாள் இரவே அதன் நட்டுகளில் துரு இளக்கும் ஆயிலை அடித்துவைத்தால் மறுநாள் வேலை பாதியாகும்.

மேலிருந்து தொடங்கலாம். குமிழ் திருகு அல்ல, நேராக மேலே இழுத்தால் வரும். வரும்போது சட்டென்று வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தோல் பூட்டின் (வெளி உறையின்) ஓரங்களை உள்ளே அழுத்தினால் கழன்றுவிடும். அதன் கீழே ஒரு ஃபோம் துண்டு, அதற்கும் கீழே உள் ரப்பர் பூட். இரண்டையும் எடுத்தால் லிவரின் இடுப்பு தெரியும்.

கீழே, ஆக்சிஜன் சென்சாரின் வயர் கனெக்டரைப் பிரித்துவிட்டு சைலன்சர் குழாயை இறக்குங்கள். வயரோடு தொங்கவிட்டால் சென்சார் போய்விடும். அடுத்து வெப்பத் தடுப்புத் தகடு. இடம் இன்னும் போதாது. கியர் பாக்ஸின் அடியில் மரப்பலகை வைத்த ஜாக்கியைக் கொடுத்து, குறுக்குச் சட்டத்தின் 13 மி.மீ. நட்டுகளைக் கழற்றி, பெட்டியின் வாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். வால் இறங்கினால் என்ஜினின் முன் பக்கம் மேலே எழும்பும். அதிகம் இறக்கினால் ஃபேன் இறக்கை அதைச் சுற்றியுள்ள உறையில் (ஷ்ரவுட்) இடித்து உடையும், ஹோஸ்களும் இழுபடும். ஒருவர் முன்னால் நின்று ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்க, அடியில் இருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதே சரி.

இப்போது லிவரின் அடி முனையில் ராட் மாட்டியிருப்பது தெரியும். கிளிப்பை நெம்பி, வாஷர்களோடு ராடைப் பக்கவாட்டில் இழுங்கள். பழைய வாஷரை விரலில் வைத்துப் பாருங்கள்: புதியது தட்டையாக மஞ்சளாக இருக்க, இது பழுப்பேறி ஒரு பக்கம் பேப்பர் போல மெலிந்திருக்கும், சிலவற்றில் பாதி வட்டமே காணாமல் போயிருக்கும். லிவரின் உருண்டையைப் பூட்டும் பிளாஸ்டிக் வளையத்தைக் கீழிருந்து கால் சுற்று இடமாகத் திருப்ப வேண்டும். அதற்கென்று ஒரு கருவி உண்டு. இரண்டு மெல்லிய ஸ்க்ரூடிரைவர்களைக் காடிகளில் வைத்தும் திருப்பலாம். பழைய வளையம் உடைந்தால் கவலை வேண்டாம், புதிதுதான் போடப்போகிறோம். லிவர் மேல்வழியாக வெளியே வரும்.

ராடின் முன் முனையில் செலக்டர் ஷாஃப்ட் மூட்டு. மூட்டை ஷாஃப்டோடு பிடித்திருப்பது ஒரு சிறிய பின். பின் நழுவாமல் மூடியிருப்பது ஒரு ஸ்பிரிங் வளையம். வளையத்தை நகர்த்தி, ஆணி போன்ற மெல்லிய பஞ்ச் கருவியால் பின்னைத் தள்ளுங்கள். கேரியரின் முன் முனையும் இதே இடுக்கில்தான் இருக்கிறது: பெட்டியின் உச்சியில், கண்ணுக்குத் தெரியாமல், விரல் மட்டும் எட்டும் இடத்தில். அதன் கம்பிக் கிளிப்பை மேலே தூக்கித் திருப்பினால் அந்தப் பின் (ஆணி) பக்கவாட்டில் உருவி வரும். மொத்த வேலையிலும் பொறுமையைச் சோதிப்பது இதுதான். கைப்பேசியை மேலே நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கை வைத்தால் பாதிக் கஷ்டம் குறையும். கேரியரின் பின் முனை பாடித் தாங்கியிலிருந்து ரப்பரோடு கழன்று வரும்.

மூட்டு கழன்றதும் சீலைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாற்றுங்கள். ஸ்க்ரூடிரைவர் ஷாஃப்டின் பளபளப்பான பரப்பில் கீறிவிட்டால் புது சீலும் ஒழுகும், ஆகவே நெம்பும்போது முனை ஷாஃப்டைத் தொடக் கூடாது. புதிய சீலின் உதட்டில் கியர் ஆயிலைத் தடவி, சரியான அளவு சாக்கெட்டால் நேராகத் தட்டி இறக்குங்கள். ரப்பர் டிஸ்க் கப்ளிங்கையும் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கியர் பாக்ஸ் மவுண்ட் ரப்பர் அமுங்கிப்போயிருந்தால் அதையும் இப்போதே மாற்றுவது நல்லது.

பூட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. கிரீஸில் மட்டும் கவனம் வேண்டும். நைலான் கிண்ணத்துக்கும் வாஷர்களுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ் போதும். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் பட்டால் அது ஊறி உப்பிவிடும், அங்கே சிலிகான் கிரீஸ்தான். கிண்ணம் சரியாக உட்கார்ந்ததா என்பதை வளையம் பூட்டும்போது கேட்கும் சத்தமே சொல்லும், ஆனாலும் லிவரை மேலே இழுத்து ஒரு தரம் உறுதி செய்யுங்கள். செலக்டர் மூட்டின் ஸ்பிரிங் வளையம் பின்னை முழுசாக மூடியிருக்க வேண்டும். இதை மறந்தவர்களுக்குச் சில நாளில் நடுச்சாலையில் லிவர் காற்றில் ஆடும், கியர் எதுவும் விழாது.

கெட்டி புஷ்கள் வேண்டுமா?

பின் புஷ்ஷுக்கு ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன், டெல்ரின் (ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்), அலுமினியம் என்று விற்கிறார்கள். கெட்டியாக ஆக ஆட்டம் குறையும். அதே அளவுக்குக் கியர் பாக்ஸின் இரைச்சலும் அதிர்வும் கேபினுக்குள் வரும். அலுமினியம் போட்டால் சில வேகங்களில் லிவரே ரீங்காரம் போடும். தினமும் ஓட்டும் காருக்குப் புதிய ரப்பரோ பாலியூரித்தேனோ போதும் என்பதே எங்கள் கருத்து. டிராக்கில் ஓட்டுபவர்கள் டெல்ரின் போடலாம். ஆனால் என்ஜின் மவுண்டும் கியர் பாக்ஸ் மவுண்டும் தளர்ந்திருக்க, இந்த ஒரு புஷ்ஷை மட்டும் கெட்டியாக்குவது ஆபத்து. பெட்டி அசையும், லிவர் அசைய மறுக்கும். வளைவில் வேகமாக மாற்றும்போது தவறான வரிசை விழ இதுவும் ஒரு காரணம்.

கனமான குமிழ் தனி விஷயம். எடை கூடினால் கை கொடுக்கும் உந்துதலைக் குமிழே கொஞ்சம் தூரம் கொண்டுபோகும், குட்டை லிவரின் கூடுதல் இறுக்கத்தை அது சற்று மறைக்கும். பிடித்திருந்தால் போடுங்கள்.

ஓட்டுவதற்கு முன்

உள் ரப்பர் பூட்டை மாட்டிய பிறகு, தோல் பூட்டை மாட்டுவதற்கு முன், கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே, என்ஜின் அணைந்த நிலையில் 1 முதல் 5 வரையும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் ஒருவர் கீழே டார்ச் அடித்து, ராடுக்கும் ரப்பர் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தாவதிலும் ரிவர்ஸிலும் லிவர் கன்சோல் ஓரத்தில் முட்டுகிறதா என்பதையும் கவனியுங்கள். குட்டை லிவரில் உள் ரப்பர் பூட் மடிந்து ரிவர்ஸை முழுசாக விழவிடாமல் தடுப்பது அடிக்கடி நடக்கும். பூட் சுருங்கி லிவரைப் பின்னுக்கு இழுத்தால் ஓடும்போது கியர் துள்ளி வெளியே வரும். கிழியாத பூட்டாக இருந்தாலும் கல் போல இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால் தோல் பூட்டை அழுத்தி மாட்டி, முன்பு எழுதிவைத்த இரண்டு அளவுகளையும் மறுபடி எடுங்கள். கியரில் இருக்கும்போது லிவர் சில மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, 3-லிருந்து 4-க்கும் 5-லிருந்து 4-க்கும் மெதுவாக மாற்றிக் கையைப் பழக்குங்கள். குட்டை லிவர் போட்டிருந்தால் வரிசைகள் இப்போது முன்பைவிட நெருக்கமாக இருக்கும். வீடு திரும்பியதும் செலக்டர் சீல் பக்கம் ஒரு துணியால் துடைத்து ஈரம் வருகிறதா என்று பாருங்கள்.